குழாய்க்குக் கால் வைத்த கதை

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு மனிதரின் வலது காலுக்கு இடது பாதத்தை மாட்டி அனுப்பியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் திருவனந்தபுரத்தில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

அவர் பாலராமபுரத்தில் தறி வைத்திருந்தவர். வலது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். நானே அளவெடுத்து, அச்சு வார்த்து, இழைத்து, மெருகேற்றி, மாட்டி, நடக்கவைத்து, கைகுலுக்கி அனுப்பினேன். அவர் லேசாக ஒரு பக்கம் ஒதுங்கி ஒதுங்கி நடந்து போனார். புதுக்கால் என்றால் இப்படித்தான் இருக்கும் போலும் என்று அவர் நினைத்தார். புது ஆள் என்றால் இப்படித்தான் நடப்பார் போலும் என்று நான் நினைத்தேன். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுவதற்கு முன், புதுக்காலுக்கு மரியாதையாகப் புதுச் செருப்பு வாங்கலாமென்று பழவங்காடிப் பிள்ளையார் கோவில் பக்கம் ஒரு கடைக்குள் நுழைந்திருக்கிறார். வலது செருப்பு ஏறவில்லை. கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "சேட்டா, இது ரண்டும் எடதாக்கும்" என்றிருக்கிறார்.

அவர் திரும்பி வந்தபோது எங்கள் தலைவி சரளா மேடம் என்னைத் திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். பிறகு என் காலணிகளைக் காட்டி, "ஜெபராஜே, ரண்டும் மாத்தி இடு" என்றார். வலதை இடதில், இடதை வலதில். மாற்றிப் போட்டுக்கொண்டேன். "இனி கேன்டீனில போயி எல்லாருக்கும் சாயா வாங்கிக்கொண்டு வா." கேன்டீன் இரண்டாம் மாடியில். லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும். நான் திரும்பி வந்தபோது தட்டில் சாயா கொஞ்சம்தான் இருந்தது. அந்த நெசவாளர்தான் முதலில் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டார். "சாருக்கு வலிக்குதா?" என்றும் கேட்டார். அதுதான் தண்டனையின் கடைசிப் பகுதி என்று நினைக்கிறேன்.

இந்தக் கதையை எழுத வைத்தவள் அனகா. ஆஸ்பத்திரியில் எங்கள் செயற்கைக் கால் பிரிவில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். ஓய்வு பெற்று, வீட்டில் எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தவனை ஒருநாள் போனில் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தை இடிக்கிறார்கள். பக்கத்துக் குழிக்குள்ளிருந்து ஃபைபரில் செய்த தடித்த கூடு ஒன்று கிடைத்திருக்கிறது. இரண்டு பாதி, போல்ட், வார்ப்பட்டை, உள்ளே ரப்பர். மேலே எங்கள் பிரிவின் முத்திரை, அதற்குக் கீழே என் கையெழுத்து.

"சார், இது ஆனைக்கு வச்ச காலா?"

"இல்லம்மா. குழாய்க்கு."

ஓய்வு பெற்றவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். "எழுதித் தாங்க சார், ஆண்டு மலர்ல போடலாம்" என்று அன்பாகச் சொன்னாள். எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மார்த்தாண்டம் பக்கம் பிறந்தேன். மெக்கானிக்கல் எஞ்சினியர் ஆக நினைத்தேன். மதிப்பெண் காலை வாரிவிட்டதால் கால் செய்யும் படிப்பில் சேர்ந்தேன். எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், தேர்வு முடிந்ததும் மறந்தேன், பிறகு நோயாளிகளின் கூச்சல் மூலம் ஒவ்வொன்றாக மீண்டும் தெரிந்துகொண்டேன். எஞ்சினியர் ஆகாத குறை மட்டும் உள்ளே கிடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பராமரிப்பு எஞ்சினியர் நாயர் சார் எதிரே வந்தால் நான் நெஞ்சை நிமிர்த்தி நடப்பேன். அவர் அதை ஒருநாளும் கவனித்ததில்லை.

எங்கள் தொழிலின் மையமான ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெட்டிய பிறகு மீதியிருக்கும் காலை, மிச்சக்கால் என்றே எழுதுகிறேன், அச்சு அசலாகப் படியெடுத்துக் கூடு செய்தால் அந்தக் கூட்டைப் போட்டுக்கொண்டு ஒருவராலும் நடக்க முடியாது. இது எங்கள் தொழிலுக்கு வெளியே யாருக்கும் நம்ப முடியாத விஷயம். அளவு சரியாக இருந்தால் வலிக்கும்.

செய்முறை இப்படி. மிச்சக்காலில் மெல்லிய உறையை மாட்டி, நனைத்த காப்பியிங் பென்சிலால் எலும்பு துருத்தும் இடங்களில் குறி போடுவோம். அதன்மேல் ஈரப் பிளாஸ்டர் துணியைச் சுற்றுவோம். அது இறுகும்போது பென்சில் குறி துணியின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். கழற்றி, உள்ளே பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால் வெள்ளைக் கால் ஒன்று கிடைக்கும், ஊதா நிறக் குறிகளோடு. அதை அப்படியே வைத்துக் கூடு வார்க்கக் கூடாது. வேலையே இனிமேல்தான். சதை பாரம் தாங்கும் இடங்களில் அரத்தால் சீவ வேண்டும். அங்கே கூடு நெருங்கிப் பிடிக்கும். எலும்பு வலிக்கும் இடங்களில் பிளாஸ்டரை அப்பிக் கூட்ட வேண்டும். அங்கே கூடு விலகி நிற்கும். எங்கே பிடிப்பது, எங்கே விடுவது. முப்பது வருடங்கள் நான் சம்பளம் வாங்கியது இந்த இரண்டு கேள்விகளுக்கு.

இதில் சரளா மேடத்தின் முறை தனி. கால் தயாரானதும் மற்ற தலைவர்கள் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். மேடம் அதைத் தொடவே மாட்டார். எங்கள் முகத்தைப் பார்த்து ஒரே கேள்வி: "கால் எந்து பறஞ்ஞு?" கால் என்ன சொல்லிற்று என்று அர்த்தம். நோயாளி என்ன சொன்னார் என்றல்ல. நோயாளிகள் நல்லவர்கள், எங்கள் மனம் நோகக் கூடாதென்று "கொள்ளாம் சாரே", நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சிவந்த தோல் பொய் சொல்லாது. கூட்டைக் கழற்றியதும் தோலில் எங்கே சிவப்பு, அது எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் மூக்குக்கண்ணாடி கழலும். மூக்குக்கண்ணாடி கழன்றால் சாயா வாங்கப் போக வேண்டும்.

புதிதாக வரும் நோயாளிகளின் பயத்தைப் போக்க மேடத்திடம் இன்னொரு உபாயமும் இருந்தது. என்னை அருகில் நிறுத்தி, இரண்டு இடது கால் கதையை அவர்களுக்குச் சொல்லுவார். "இதுக்கு மேலே ஒண்ணும் மோசமா நடக்கில்லா" என்று முடிப்பார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அப்படிச் சிரித்தவர்களில் ஒருவர் லாசர். விழிஞ்ஞத்தில் மீன் ஏலம் விளிப்பவர். சர்க்கரை வியாதி முதலில் காலை எடுத்தது, பிறகு சிறுநீரகத்தைக் கெடுத்தது. வாரம் மூன்று முறை எங்கள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒருமுறை ஊரில் ஏதோ கலாட்டா என்று ஒரு நாளைத் தவறவிட்டார். மூச்சு வாங்கி, உட்கார முடியாமல், படுக்கவும் முடியாமல் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு தவறவிட்டதில்லை.

அவருக்கு நான் செய்த முதல் காலை ஒரே வாரத்தில் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"சாரே, காலத்த இது செருப்புக்கடி. உச்சைக்கு இது செம்புக் கலயம். எனக்க காலு உள்ள கெடந்து கிலுங்குது."

திருத்தினேன். மறுபடி வந்தார். இன்னொன்று செய்தேன். அதையும் கொண்டுவந்தார். "உக்காந்து ஏலம் விளிச்சுப் பாருங்களேன், லாசரண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன்.

"உக்காந்து விளிச்சா மீனும் உக்காந்துரும். எவன் வெல ஏத்துவான்?"

மேடத்திடம் போனேன். "கால் எந்து பறஞ்ஞு?"

"காலையில ஒண்ணு சொல்லுது, மத்தியானம் ஒண்ணு சொல்லுது மேடம்."

"எப்போளாணு அச்செடுத்தது? டயாலிசிஸுக்கு முன்போ, பின்போ?"

நான் கேட்டிருக்கவில்லை. டயாலிசிஸுக்கு முன் உடம்பில் நீர் கோத்திருக்கும். மிச்சக்கால் வீங்கும். முடிந்ததும் வற்றிவிடும். லாசருக்கு ஒரு கால் அல்ல, இரண்டு. இரண்டும் ஒரே இடத்தில். நான் எந்தக் காலுக்குக் கூடு செய்தாலும் மற்றது கோபித்துக்கொள்ளும். அன்று சாயா வாங்கப் போனேன்.

வற்றும்போது உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு இடைவெளியை நிரப்புவது வழக்கமான முறை. லாசர் மணலில் நின்று, நாற்பது பெண்கள் கூடையோடு சூழ்ந்திருக்க, கூவிக்கொண்டே காலைக் கழற்றி உறை மாற்ற முடியுமா? கடைசியில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று, ஸ்டோரில் கழித்துப் போட்டது, கைக்குக் கிடைத்தது. அதன் ரப்பர்ப் பையை வெட்டி ஒட்டிச் சின்னதாக்கினேன். கூட்டுக்குள் பின்பக்கம், ஆடுசதை வரும் இடத்தில் பதித்தேன். அங்கே சதை பாரம் தாங்கும். மெல்லிய குழாயை மேலே கொண்டுவந்து, காற்றடிக்கும் குமிழை இடுப்பில் லுங்கி மடிப்பில் சொருகினேன். கால் வற்றினால் குமிழை அமுக்கு. வீங்கினால் திருகைத் திறந்து விடு. லாசர் நடந்தார். நின்றார். மணலில் குதித்தும் பார்த்தார். ஏலத்தின் நடுவே இடுப்பில் "புஸ் புஸ்" என்று அமுக்கும்போது, வெளியூர் வியாபாரிகள் அதை விலை ஏற்றும் ஏதோ சைகை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கேட்டார்களாம். அதற்காக எனக்கு ஒருமுறை நெய்மீன் வந்தது.

இனி குழாய்.

எங்கள் டயாலிசிஸ் பகுதி இருந்த பழைய கட்டடத்துக்கு அடியில், ராஜா காலத்து வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று ஓடியது. கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழியில் அது வளைந்து திரும்பும். அந்த வளைவில் ஈயம் ஊற்றிய பழைய இணைப்பு. ஒரு காலையில் நாயர் சார் எங்கள் பட்டறைக்கு வந்து நின்றார். முழங்கால் வரை நனைந்திருந்தார்.

"ஜெபராஜே, இன்னு வெள்ளம் இல்லா. பிளாஸ்டர் பணி நிறுத்திக்கோ."

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குழிக்குள் அன்று இரண்டு மொழிக்கும் பொருத்தமாக இருந்தது.

நிலைமையை அவர் சொன்னார். மோட்டார் ஓடும்போது இணைப்பு பீய்ச்சுகிறது. வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்தால் இன்னும் விரியும். கடையில் கிடைக்கும் இரும்புக் கவ்விகள் நேரான உருண்டைக் குழாய்க்கு. இது நேரும் இல்லை, உருண்டையும் இல்லை, ஒரே பருவும் கட்டியும். புதுக் குழாய் போட வேண்டுமானால் டயாலிசிஸ் இயந்திரங்களுக்குக் கீழே தரையை உடைக்க வேண்டும். லாரித் தண்ணீரை வைத்து அந்தப் பகுதியை ஓட்டிப் பார்த்தார்கள், எட்டவில்லை. அன்றைய நோயாளிகளை வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். மற்ற ஆஸ்பத்திரிகளில் இடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கேயும் ஆட்களுக்கு மேல் ஆட்கள். லாசர் பட்டறைக்குள் வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய முறை போய்விட்டது. அடுத்த முறை எப்போது, எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். எஞ்சினியர் ஆகாத எனக்குள் இருந்த எஞ்சினியர் சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"குழாயும் ஒரு கால்தான் நாயர் சார். அச்செடுத்தாப் போச்சு."

நாயர் சார் என்னை முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தார். வேறு வழியில்லாத மனிதனின் பார்வை அது. ஆனாலும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

மோட்டாரை நிறுத்தச் சொல்லி, குழிக்குள் இறங்கி, குழாயைத் துடைத்து, பிளாஸ்டர் துணியைச் சுற்றி அச்செடுத்தேன். ஒரு எஞ்சினியர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பெருமிதத்தில், இம்மி பிசகாமல் படியெடுத்தேன். ஒவ்வொரு பருவும் ஒவ்வொரு கட்டியும் அப்படியே. சீவவில்லை, கூட்டவில்லை. அதன்மேல் ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து இரண்டு பாதியாகக் கூடு வார்த்தேன். உள்ளே ரப்பர் விரிப்பு. கூடு எல்லா இடத்திலும் தொடுகிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் லிப்ஸ்டிக் பூசிப் பார்ப்போம். எங்கள் கையிருப்பு ஒரு காலுக்குத்தான் காணும். ஆகவே நானும் நாயர் சாரும் பழவங்காடிக்குப் போனோம்.

ஃபேன்ஸி கடைப் பெண் இரண்டு நடுவயதுக்காரர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "மேடத்துக்கு நிறம் எங்ஙனே?"

நாயர் சார் நேர்மையான மனிதர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர். "கறுப்பு" என்றார். யோசித்து, "குறச்சு துருப்பிடிச்சிட்டுண்டு" என்றும் சேர்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. "அப்போ மெரூன் மதி."

அவள் போதுமென்ற மெரூனையே குழாயில் பூசினோம். கூட்டை மாட்டினோம், போல்ட் இறுக்கினோம், கழற்றிப் பார்த்தோம். ரப்பர் முழுவதும் சிவப்பு, ஒரு நூல் இடைவெளி இல்லை. என் வாழ்க்கையில் அதைவிடக் கச்சிதமான கூட்டைச் செய்ததில்லை. மீண்டும் மாட்டி, மோட்டாரைப் போடச் சொன்னேன். நாயர் சார் பக்கத்திலேயே குனிந்து நின்றார்.

மோட்டார் ஓடத் தொடங்கியது. குழாய் ஒருமுறை தோளைக் குலுக்கியது. அவ்வளவுதான், மயிரிழை அசைவு. கூட்டின் விளிம்பிலிருந்து சிவப்புத் தண்ணீர் நாயர் சாரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது, பிறகு என் முகத்தில். நாங்கள் இருவரும் டயாலிசிஸ் பகுதியின் ஜன்னலுக்குக் கீழே, குழியிலிருந்து அந்தக் கோலத்தில் ஏறி வந்தபோது, வராந்தாவில் நோயாளிக்குத் துணைக்கு வந்திருந்த ஓர் அம்மாள் "என்டெ ஈஸ்வரா!" என்று கத்திக்கொண்டு நர்ஸைக் கூப்பிட ஓடினார்.

பட்டறையில் மேடம் காத்திருந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"பைப்பு எந்து பறஞ்ஞு?"

"ஒண்ணும் பறயல மேடம். துப்பிச்சு."

மூக்குக்கண்ணாடி கழன்றது. "எப்போளாணு அச்செடுத்தது?"

"மோட்டார் நிக்கும்போ..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்தினேன்.

ஸ்டூலிலிருந்து லாசர்தான் முடித்துவைத்தார். "எனக்கும் இதையேல்லா செஞ்சிய சாரே? படுத்துக் கெடக்கும்ப அளவெடுத்தா எழும்பி நிக்கும்ப சேருமா?" சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். பிறகு இடுப்பில் கையை விட்டுத் திருகைத் திறந்தார். வழக்கமாக "ஸ்ஸ்" என்று நீளமாக வரும். அன்று ஒன்றும் வரவில்லை. மறுபடி திருகினார்.

"காலு வீங்கிட்டே வருது சாரே. இனி விடுறதுக்கு உள்ள காத்தில்ல."

கால் வீங்குகிறது என்றால் நீர் ஏறுகிறது. அது காலோடு நிற்காது. ஆட்டோவில் கொண்டுவந்த அன்று லாசர் இருந்த இருப்பு எனக்கு நினைவிருந்தது. மேடத்துக்கும் நினைவிருந்திருக்கும். அவர் ஒரு சிஸ்டரைக் கூப்பிட்டு லாசரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் லாசரின் காலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கூட்டுக்குள் அந்த ரப்பர்ப் பை ஒட்டிப்போய்க் கிடந்தது. அதை விரலால் அமுக்கினேன். நாயர் சாரும் எட்டிப் பார்த்து அமுக்கினார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தோம். என் பணிக்காலத்தில் ஒரு எஞ்சினியரும் நானும் ஒரே விஷயத்தை ஒரே நொடியில் நினைத்தது அன்றுதான்.

"பை வைக்கலாம்" என்றேன். "கூட்டுக்கும் குழாய்க்கும் நடுவில. குழாய் அசஞ்சா அசையட்டும்."

"எடோ, மோட்டார் ஓடும்போ காத்து வேணும், நிக்கும்போ வேண்டா. ஆரு அடிக்கும்? நீ குழியில குத்தியிருந்து புஸ் புஸ்ஸுன்னு அடிச்சிட்டிருப்பியோ?" நாயர் சார் லாசரின் காலை என் கையிலிருந்து வாங்கி, அந்த மெல்லிய குழாய் பையில் சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "காத்து வேண்டா. வெள்ளம் தன்னே மதி. வளைவுக்கு முன்னால லைனில வெள்ளம் பிடிக்கிற ஒரு பழய டேப்பு உண்டு. அவிடேந்து ஒரு ட்யூபு இந்தப் பைக்கு. மோட்டார் எத்ர தள்ளுதோ, அத்ர பையும் தள்ளும். மோட்டார் நின்னா இதும் நிக்கும்."

சண்டைக்காரனின் கையை வைத்தே அவனைப் பிடித்துக்கொள்வது போன்ற யோசனை. எனக்கு வந்திருக்காது. அவருக்கும் லாசரின் கால் கையில் இல்லாமல் வந்திருக்காது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

மேடம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவருக்குத் திருப்தி என்றால் அதுதான் அடையாளம். "எல்லா இடத்தயும் பிடிக்கண்டா ஜெபராஜே" என்று மட்டும் சொன்னார்.

இந்த முறை குழாயை நோயாளியாக நடத்தினேன். நாயர் சார் சின்னச் சுத்தியால் அங்குலம் அங்குலமாகத் தட்டினார். நல்ல இரும்பு மணிபோல் பேசியது. துரு தின்ற இடம் ஈர மரம்போல் முனகியது. நல்ல இடத்தில் நான் வட்டம் போட்டேன், நோய்ப்பட்ட இடத்தில் பெருக்கல் குறி. அதே காப்பியிங் பென்சில். குறிகளோடு மறுபடி அச்செடுத்து, பட்டறைக்கு வந்து வெள்ளைக் குழாயில் வட்டங்களைச் சீவினேன், பெருக்கல் குறிகளில் பிளாஸ்டரை அப்பினேன். இணைப்புக்கு இரண்டு பக்கமும் நல்ல இரும்பைக் கூடு இறுகப் பிடிக்கும். நடுவே நோஞ்சான் ஈயத்தைத் தொடாது. அந்த இடைவெளியில் ஸ்கூட்டர் ட்யூபை வெட்டி, இரண்டு முனையையும் பஞ்சர் கடையில் சூடுவைத்து அடைத்து, இரத்த அழுத்தப் பட்டைக்கு அண்ணன் போல ஒன்றைச் சுற்றினோம். அதற்கும் குழாய்க்கும் நடுவே, மிச்சக்காலுக்குப் போடுகிற மெத்தென்ற உள்ளுறை. நோகாமல் இருக்க வேண்டுமே.

டேப்பிலிருந்து பைக்கு ட்யூபை இணைத்துவிட்டு மோட்டாரைப் போடச் சொன்னோம். இம்முறை யாரும் பக்கத்தில் குனியவில்லை. குழாய் தோளைக் குலுக்கியது. கூட்டுக்குள் பை மூச்சு இழுப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. நாயர் சார் குழியின் விளிம்பில் குப்புறப் படுத்து, இணைப்புக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்தார். மோட்டாரை நிறுத்தினோம், ஓட்டினோம், மறுபடி நிறுத்தினோம், ஓட்டினோம். அவர் தாளை வெளியே எடுத்தார். தேர்வு முடிவு பார்க்கிற பிள்ளைகள் மாதிரி இருவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மாநாட்டுச் செய்திகளும் இரங்கல் விளம்பரங்களும் உலர்ந்திருந்தன.

முதலில் உள்ளே கூப்பிட்ட பெயர்களில் லாசருடையதும் இருந்தது. சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிப் போகும்போது, மூச்சு இரைப்புக்கு நடுவே, கழற்றிய காலை என்னிடம் சுட்டிக் காட்டினார்.

"பத்திரம் சாரே. குழாய்க்கு எடுத்துக் குடுத்துராதிங்க."

அந்தக் கூடு தற்காலிக ஏற்பாடு. கட்டடம் இடிகிறவரை தற்காலிகமாகவே இருந்தது. ஆண்டுதோறும் நாயர் சார் குழிக்குள் இறங்கிப் பார்ப்பார், மேலே வந்து எனக்கு போன் செய்வார்: "நம்முடெ பேஷன்ட் சுகமாயிருக்கு." ஒரு எஞ்சினியரிங் கல்லூரியிலிருந்து ஆசிரியர்கள் வந்து படமெடுத்துப் போனார்கள். வேறொரு ஆஸ்பத்திரியில் தண்ணீர்த் தொட்டி இணைப்புக்கு இதேபோல் ஒன்று செய்து தரச் சொன்னார்கள். மேடத்தைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். அங்கேயும் மோட்டார் ஓடும்போது என்ன நடக்கிறது என்றுதான் முதலில் கேட்டேன். கேட்கும்போது நெஞ்சு தானாக நிமிர்ந்தது, மறைக்கவில்லை.

பெருமைப்பட எனக்குக் காரணம் உண்டு என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். எங்கள் பிரிவு கடன் வாங்கியே பிழைத்த வீடு. ரெசினும் ஃபைபரும் படகு கட்டுபவர்களிடமிருந்து வந்தவை, மூட்டுகளின் உலோகம் விமானம் செய்பவர்களிடமிருந்து. எப்போதும் நாங்கள்தான் கிண்ணத்தோடு அடுத்த வீட்டு வாசலில் நிற்போம். ஒருநாள் அடுத்த வீட்டுக்காரர் கிண்ணத்தோடு எங்கள் வாசலில் நின்றார். எங்களிடம் கொடுக்க ஒரு பிடி இருந்தது. குழாய் செய்தவர்கள் குழாய் அசையாது என்று நம்பிச் செய்தார்கள். உடம்போடு வேலை செய்கிறவன் எதையும் அப்படி நம்ப முடியாது. உடம்பு காலையில் ஒன்று, மதியம் ஒன்று. அதோடு ஒத்துப்போகிற கூட்டை லாசருக்காகச் செய்யாமலிருந்தால், குழாய்க்குச் செய்யும் புத்தி எங்கிருந்து வந்திருக்கும்? அனகாவிடம் இப்போது ஸ்கேனர் இருக்கிறது. பிளாஸ்டர் வேண்டாம், பென்சில் வேண்டாம், தலைமுடியில் வெள்ளை ஒட்டாது. ரொம்ப நல்லது, எனக்கு அது அன்றைக்கே கிடைத்திருந்தால் என் மனைவி நிம்மதியாக இருந்திருப்பாள். ஸ்கேனரும் எப்போது படமெடுத்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

குழாய் அடங்கிய சில வாரங்களுக்குப் பிறகு நான் விழிஞ்ஞத்துக்கு மீன் வாங்கப் போனேன். மீன் ஒரு சாக்கு. லாசரைப் பார்த்து, அவர் காலிலிருந்து பிறந்த அதிசயத்தைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்பதே நோக்கம். அவர் மணலில் இரண்டு காலையும் ஊன்றி நின்று சாளைக் குவியலுக்கு ஏலம் விளித்துக்கொண்டிருந்தார். குரல் கடலைத் தாண்டிப் போனது. என்னைக் கண்டதும் ஏலத்தை நிறுத்தாமலேயே கையைத் தூக்கினார்.

"இன்னா நிக்காரு பாருங்க! இந்த சாருதான் ஆசுபத்திரிக் கொழாய்க்கு காலு வச்ச ஆளு!"

கூடையோடு நின்ற ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கொழாய்க்கு எதுக்கு காலு? எறங்கி ஓடவா?"

எல்லாரும் சிரித்தார்கள். இதற்காகவே காத்திருந்தவன்போல நான் விளக்கத் தொடங்கினேன். வளைவு, இணைப்பு, பை, அழுத்தம், கல்லூரி ஆசிரியர்கள் வந்து படமெடுத்தது. முதல் தடவையே பிடித்துக்கொண்டது என்று சொல்லவில்லை, ஆனால் கேட்டவர்கள் அப்படி நினைத்துக்கொண்டால் நான் மறுக்கவும் இல்லை. பெண்கள் கூடையை இடுப்பில் இறக்கி வைத்துக் கேட்டார்கள். லாசரும் பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும் இடுப்பில் இரண்டு முறை "புஸ் புஸ்" என்று அமுக்கி, காலை ஒருமுறை மணலில் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அதுல பெரிய காரியம் ஒண்ணுமில்ல" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "கொழாய்க்கு எடது வலது கெடையாதுல்லா. அதான் சாருக்கு தப்பாம வந்துது."